ஒண்ணாம் வகுப்பில் அப்படி என்னதான் இருக்கிறது?

அக்கா மகனின் கணக்கு நோட்டில், டீச்சர் "இருபத்தைந்து" என்று சொல்லி எழுதச் சொன்ன இடத்தில் 205 என்று இருந்தது. பக்கத்திலேயே சிவப்பு மையில் ஒரு தப்புக் குறி. அக்கா நோட்டை என்னிடம் நீட்டி, "பாரு, இதுகூடத் தெரியல" என்றாள். எனக்கென்னவோ அவனுக்கு நிறையவே தெரிந்திருப்பதாகப் பட்டது. இருபதை 20 என்று எழுதத் தெரிகிறது. ஐந்தை 5 என்று எழுதத் தெரிகிறது. இருபத்தைந்து என்ற சொல்லுக்குள் ஒரு இருபதும் ஒரு ஐந்தும் ஒட்டிக்கொண்டிருப்பது காதில் சரியாக விழுந்திருக்கிறது, கேட்டதைக் கேட்ட வரிசையிலேயே எழுதியும் வைத்திருக்கிறான். தெரியாதது ஒன்றுதான்: அந்த 2, ஓர் இடம் இடது பக்கம் தள்ளி உட்கார்ந்தாலே இருபது ஆகிவிடும், கூடவே பூஜ்யத்தைக் கூட்டி வர வேண்டியதில்லை.

ஒண்ணாம் வகுப்புப் புத்தகங்களை நாம் புரட்டினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எழுத்துகள், சின்னச் சின்னச் சொற்கள், நூறு வரை எண்கள், கொஞ்சம் கூட்டல், கொஞ்சம் கழித்தல், வட்டம், சதுரம், மணி பார்ப்பது, உடம்பின் பாகங்கள், உயிருள்ளவை உயிரற்றவை, மழை, வெயில். இதற்குப் போய் ஒரு வருஷமா என்று தோன்றும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது, பள்ளிக்கூடக் காலம் முழுவதிலும் இவ்வளவு பெரிய தாண்டல் வேறு எந்த வகுப்பிலும் இல்லை. அடுத்து வரும் வகுப்புகளில் எல்லாம் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள், இங்கே படிப்பு என்ற வேலையே முதலில் உண்டாக வேண்டியிருக்கிறது. அது நம் கண்ணுக்குப் படாமல் போவதற்குக் காரணம், படிக்கத் தெரியாமல் இருந்த நாட்களில் ஒரு தாள் எப்படித் தெரிந்தது என்பது நம்மில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

நாட்டுக்கு நாடு அளவு மாறும். ஜப்பானில் ஆறு வயதில் சேரும் பிள்ளை அந்த ஒரு வருஷத்தில் 46 அடிப்படை ஹிராகானா எழுத்துகள், அப்புறம் கடகானா, அதற்கு மேல் 80 காஞ்சி எழுத்துகள் என்று ஏற வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட 2010-ஆம் ஆண்டுப் பொதுப் பாடத்தரம், முதல் வகுப்பில் 120 வரை எண்ணவும் 20-க்குள் கூட்டிக் கழிக்கவும் கேட்கிறது. இங்கிலாந்தில் ஐந்து வயதிலேயே முதலாம் ஆண்டு தொடங்கிவிடும், பின்லாந்தில் ஏழு வயது நிறையும் ஆண்டில்தான். இந்தப் பட்டியல்களை வைத்துக்கொண்டு யார் பிள்ளை முந்தி, யார் பிள்ளை பிந்தி என்று ஒப்பிடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரு கிறுக்கல் ஒலிக்குப் பதிலாக நிற்கும், இன்னொரு கிறுக்கல் எண்ணிக்கைக்குப் பதிலாக நிற்கும் என்ற விசித்திரமான ஏற்பாட்டுக்குள் எல்லா ஊர்ப் பிள்ளையும் ஏறக்குறைய இந்த வயதில்தான் நுழைகிறது, அதுதான் கவனிக்க வேண்டியது.

எவ்வளவு விசித்திரம் என்று தெரிய ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. இன்னும் படிக்கத் தொடங்காத குழந்தையிடம் "எறும்பு, ரயில், இதில் எது பெரிய சொல்?" என்று கேளுங்கள். பல குழந்தைகள் தயங்காமல் ரயில் என்று சொல்லும். சொல்லைப் பற்றிக் கேட்கிறோம் என்பதே அதற்குப் பிடிபடாது, ரயில்தானே பெரியது! பேச்சு அதற்குக் கண்ணாடி ஜன்னல் மாதிரி, அந்தப் பக்கம் இருப்பது மட்டும்தான் தெரியும், கண்ணாடி தெரியாது. ஒண்ணாம் வகுப்பு முதலில் செய்வது, நின்று அந்தக் கண்ணாடியைப் பார்க்க வைப்பது. எறும்பு என்பது கடிக்கிற பிராணி மட்டுமில்லை, எ-று-ம்-பு என்று நான்கு துண்டாக உடைகிற ஓர் ஓசை. "ப-வில் தொடங்கும் சொல் சொல்லு", "கல், பல், இன்னும் அதே மாதிரி என்ன?" என்று டீச்சர் விளையாடுகிற விளையாட்டெல்லாம் இதற்காகத்தான். வீட்டில் வந்து "இன்னைக்கு வெறும் விளையாட்டுதான்" என்று பிள்ளை சொன்னால் கோபப்பட வேண்டாம்.

தமிழில் படிக்கப் பழகும் பிள்ளைக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. நம் எழுத்து அசையோடு போகிறது, க, ம, டி, பு என்று வாயில் தனியாகச் சொல்லக்கூடிய துண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ஆங்கிலத்தில் மூன்று எழுத்தைத் தனித்தனி ஒலியாகப் பிரித்து ஒட்டவேண்டிய அவஸ்தை அந்த அளவுக்கு இல்லை. கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வரும். எண்ணிக்கை 247, ஆய்தத்தையும் சேர்த்து. இதில் பாதிக்கு மேல் கொம்பும் காலும் ஒட்டிச் செய்துகொள்ளலாம் என்றாலும், கொம்பு படுத்துகிற பாடு தனி. கெ என்று எழுதினால் கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது க். கொ என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. பிள்ளை இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும் என்று இப்போதுதான் கற்றிருக்கும், அதற்குள் அந்த விதிக்கே விலக்கு வந்துவிடுகிறது. உகர வரிசையில் கு, சு, து, பு, ரு என்று பல விதமாகச் சுழிக்கும், எது எப்படி என்பது பழக்கம்தான். ரெண்டுசுழி ன, மூணுசுழி ண என்று நாம் சும்மா சொல்லிவிடுகிறோம், ஒரு சுழிக்காக ஓர் எழுத்தே மாறும் என்பது அதுவரை உலகத்தில் எந்தப் பொருளுக்கும் இல்லாத நியாயம்.

ஒரு பிள்ளை 'கடல்' என்று படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? "க... ட... ல்..." என்று மூன்றையும் சரியாகச் சொல்லும். அப்புறம் நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். மூன்றும் சரி, ஆனால் கடல் வரவில்லை. "சேர்த்துச் சொல்லு" என்றால் மறுபடி "க... ட... ல்" தான், கொஞ்சம் வேகமாக. மூன்றாவது எழுத்தை அடையாளம் கண்டுபிடிக்கப் படும் பாட்டில் முதல் எழுத்து கையை விட்டு நழுவிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு எழுத்தையும் தெரிந்துகொள்ள ஆகும் நேரம் குறையக் குறைய, ஒருநாள் மூன்றும் ஒரே மூச்சுக்குள் வந்து விழும், அப்போது பிள்ளையின் முகத்தில் ஓர் ஆச்சரியம் ஓடும், தனக்கு ஏற்கனவே தெரிந்த சொல் தாளிலிருந்து வந்துவிட்டதே என்று. இதற்கு நடுவே இன்னொரு தந்திரத்தையும் சத்தமில்லாமல் கற்றுக்கொள்கிறது: க என்று எழுதியிருந்தாலும் கடலில் ஒரு ஒலி, பங்கில் ஒரு ஒலி, பகலில் இன்னொன்று. யாரும் விதி சொல்லித் தருவதில்லை, காது பார்த்துக்கொள்கிறது.

எழுத்துமுறை எவ்வளவு ஒழுங்கானதோ அவ்வளவு சீக்கிரம் இந்தக் கட்டம் தாண்டும். 2003-இல் ஆய்வாளர் பிலிப் சீமோர் குழுவினர் ஐரோப்பிய மொழிகள் பதின்மூன்றை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது. முதல் வகுப்பு முடியும்போது பின்லாந்து, கிரேக்க, இத்தாலியப் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லா எளிய சொற்களையும் பிழையில்லாமல் படித்தார்கள், ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் நின்றார்கள். ஆங்கிலப் பிள்ளைகள் மந்தம் என்று அர்த்தமில்லை, வயதும் அவர்களுக்குக் குறைவு, அந்த எழுத்துக்கூட்டும் அப்படி. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 40 சொல் கொடுத்துப் படிக்கச் சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது. அதில் பாதிச் சொற்களுக்கு அர்த்தமே கிடையாது, 'தினுமி', 'பகெடு' என்று நாம் இட்டுக்கட்டுவது மாதிரி. படத்தைப் பார்த்தோ மனப்பாடத்தாலோ ஒப்பேற்ற முடியாமல், எழுத்தை ஒலியாக மாற்றத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நல்ல வாசகனான பிள்ளைகூட அங்கே திணறுகிறது, அர்த்தமில்லாத சொல்லை அர்த்தமுள்ள சொல்லாகத் திருத்திப் படித்துவிடுகிறது என்று புகார்களும் உண்டு. வீட்டில் பார்க்க ஆசையென்றால் இப்படி நாலைந்து பொய்ச் சொற்கள் எழுதிக் கொடுங்கள், பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பாக இருக்கும்.

இதற்கு மேல் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சுமை கூடுதல். வீட்டில் "அவங்க வந்துட்டாங்க", புத்தகத்தில் "அவர்கள் வந்துவிட்டார்கள்". எழுத்துக் கூட்டி முடித்த பிறகும் வாயில் வருவது தான் பேசாத ஒரு மொழி. அரபு பேசும் பிள்ளைகளுக்கும் சுவிஸ் ஜெர்மன் பேசும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். சில பிள்ளைகள் 'வந்துவிட்டார்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிதானமாக "வந்துட்டாங்க" என்று படிக்கும். பெரியவர்கள் தப்பு என்பார்கள். என்னைக் கேட்டால் அது உயர்ந்த வகை வாசிப்பு, எழுதியிருப்பது புரிந்ததால்தான் அதைத் தன் பேச்சில் சொல்ல முடிகிறது.

திருப்பி எழுதுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதற்குப் பயப்படுகிற அப்பா அம்மாக்கள் அதிகம். 3-ஐ வாய் வலது பக்கம் பார்க்க எழுதும், 7-ஐ மூக்கை மாற்றி வைக்கும், சில சமயம் பெயரையே கண்ணாடியில் பார்ப்பதுபோல வலமிருந்து எழுதும். எழுத்து தோன்றி 5000 வருஷம் சொச்சம்தான் ஆகிறது, அதற்கென்று மூளையில் பிறவியிலேயே தனி இடம் எதுவும் இல்லை. பிரெஞ்சு நரம்பியல் ஆய்வாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் விளக்குவது இது: முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காண்கிற பகுதியில் ஒரு பங்கை எழுத்து தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் பகுதிக்கு ஒரு பழைய பழக்கம், ஒரு குவளையின் பிடி இடது பக்கம் இருந்தாலும் வலது பக்கம் இருந்தாலும் அது அதே குவளைதான். காட்டில் உயிர் பிழைக்க நல்ல பழக்கம், எழுத்துக்கு ஆகாது. பிள்ளை அதைக் கஷ்டப்பட்டு மறக்க வேண்டும். ஆறு வயதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரும்புவது சாதாரணம், அதை மட்டும் வைத்துக் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. எட்டு வயது தாண்டியும் விடாமல் இருந்து, படிப்பதும் தடுமாறினால் யாரிடமாவது காட்டலாம்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று அடிக்கடி அழித்து எழுத வைப்பவர்களுக்கு ஒரு தகவல்: மணிக்கட்டில் இருக்கிற எட்டுச் சின்ன எலும்புகளும் அந்த வயதில் முழுசாக எலும்பாகியிருக்காது. முன்பல் வேறு விழுந்திருக்கும். ஓட்டை வாயோடு ச-வும் த-வும் தெளிவாகச் சொல்லச் சொல்லி நாம் அதட்டிக்கொண்டிருப்போம்.

சரி, எண்களுக்கு வருவோம். 205-இன் கதை முழுக்க இங்கேதான் இருக்கிறது. நூறு வரை ஒப்பிப்பது ஒரு பாட்டு மாதிரி, அது கணக்கில் சேராது. பத்து ஒன்றுகளை ஒரு கட்டாகக் கட்டி, அந்தக் கட்டை மறுபடி "ஒன்று" என்று எண்ணலாம் என்பதுதான் இந்த வருஷத்தின் நிஜக் கணக்கு. குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வைப்பது அதற்காக. இதில் மொழிக்கும் பங்கு உண்டு. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று பத்தை முன்னால் வைத்தே சொல்கிறோம், எழுதுவதும் அதே வரிசை. ஆங்கிலத்தில் தர்ட்டீன் என்றால் மூன்று முதலில் கேட்கும், அதனால் 13-ஐ 31 என்று எழுதும் பிள்ளைகள் அங்கே நிறைய. ஜெர்மனில் 21-ஐ "ஒன்றும் இருபதும்" என்கிறார்கள், பிரெஞ்சில் 90 என்பது "நான்கு இருபது பத்து". நாமும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம், எழுபது எண்பது வரை ஒழுங்காக வந்துவிட்டு 90-க்கு தொண்ணூறு என்று நூறை இழுத்து வைத்திருக்கிறோம். எண்பத்தொன்பதுக்கு அடுத்து "எண்பத்திப்பத்து" என்று சொல்கிற குழந்தையின் தர்க்கம் நம்முடையதைவிட நேரானது.

கூட்டலில் ஒரு வளர்ச்சி நடக்கும், விரல்களைப் பார்த்தால் தெரியும். 8 + 5 என்றால் முதலில் எட்டு விரல் நீட்டி, அது போதாமல் முழித்து, எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணும். சில மாதம் கழித்து எட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து, பதினொன்று என்று மேலே எண்ணும். அப்புறம் 5 + 8 என்று கொடுத்தாலும் தானாகவே பெரியதை முதலில் எடுத்துக்கொள்ளும், யாரும் சொல்லித் தராமலே பல பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிடுகின்றன. கடைசியில் எட்டுக்கு ரெண்டு கொடுத்துப் பத்தாக்கி மிச்சம் மூன்று, பதின்மூன்று. விரல் விட்டு எண்ணாதே என்று கையைத் தட்டிவிடுகிறவர்கள் ஏணியின் கீழ்ப்படியை எடுத்துவிடுகிறார்கள், விரல் தானாகவே மடங்கும்.

கழித்தலில் சொல்தான் கஷ்டம். ஒருத்தியிடம் எட்டுப் பென்சில், ஒருவனிடம் ஐந்து. யாரிடம் அதிகம் என்றால் உடனே சொல்லும். எத்தனை அதிகம் என்று கேட்டால் "எட்டு" என்று வரும். அதையே "ஆளுக்கொரு பென்சிலாக ஜோடி சேர்த்தால் அவளிடம் எத்தனை ஜோடியில்லாமல் மிஞ்சும்?" என்று கேட்டுப் பாருங்கள், மூன்று என்று வந்துவிடும். கணக்கு தெரியாமல் இல்லை, கேள்வி புரியவில்லை. சமக்குறியும் இப்படித்தான். வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் இரண்டு இணைகோடுகளைப் போட்டு இதைவிடச் சமமானது வேறு இல்லை என்று விளக்கம் சொன்னார், ஒண்ணாம் வகுப்பில் அது "இப்போ விடையைப் போடு" என்ற உத்தரவாகத்தான் மனதில் பதிகிறது. 3 + 4 = 7 என்றே பார்த்துப் பழகிய பிள்ளையிடம் 7 = 3 + 4 என்று எழுதிக் காட்டினால் "தப்பா எழுதிட்டீங்க" என்று சொல்லும். இதை முதல் வருஷமே கலைத்துவிடுவது நல்லது, பெரிய வகுப்பிலும் 8 + 4 = ? + 5 என்றால் 12 என்று போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கேள்வி என்றதும் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடக் கேள்வி என்பதே தனி வகை. வீட்டில் தெரியாதவர்தான் கேட்பார், வகுப்பில் தெரிந்தவர் கேட்கிறார். "இது என்ன நிறம்?" என்று டீச்சர் கேட்க, "உங்களுக்குத் தெரியாதா மிஸ்?" என்று ஒரு குழந்தை நிஜமான அக்கறையோடு திருப்பிக் கேட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அதே கேள்வியை இரண்டாவது முறை கேட்டால் முதல் பதில் தப்பு என்று அர்த்தம், இதையும் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே செய்த பிரபலமான சோதனை ஒன்று: இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கி, சமமா என்று கேட்டு, பிறகு ஒரு வரிசையை அகட்டி வைத்து மறுபடி கேட்பது. ஆறு வயதுக்குக் கீழே பலர் நீண்ட வரிசையில் அதிகம் என்றார்கள், எண்ணிக்கை மாறாது என்பது இன்னும் பிடிபடவில்லை என்று முடிவானது. 1970-களில் அதையே ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்துவிட்டதாக மாற்றி நடத்தியபோது நிறையக் குழந்தைகள் சமம்தான் என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். பெரியவர் வேண்டுமென்றே நகர்த்திவிட்டுத் திரும்பக் கேட்டால் ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது போலும். பரீட்சையில் வாங்குகிற மதிப்பெண்ணில் எவ்வளவு பாடம், எவ்வளவு பள்ளிக்கூடத்து மரியாதை என்று அப்போதிருந்தே கலந்துவிடுகிறது.

புத்தகத்தில் அச்சடிக்காத பாடங்களில் எனக்குப் பிடித்தது, "எல்லோரும் நோட்டை எடுங்க" என்பதில் அந்த எல்லோரும் தானும்தான் என்று தெரிவது. முதல் சில வாரம் கால்வாசிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், தன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையே. வரிசையில் நிற்பது, கை தூக்கிவிட்டுக் காத்திருப்பது, தெரிந்த பதிலை இன்னொருத்தி சொல்லிவிட்டாலும் அழாமல் இருப்பது, ஒன்றுக்குப் போகணும் என்று வெளியாள் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது. பலகையைப் பார்த்து எழுதுவதையும் இதில் சேர்க்கலாம். வருஷத் தொடக்கத்தில் ஒரு பிள்ளை ஒரு வரி எழுத எத்தனை தடவை நிமிர்கிறது என்று எண்ணினால் எழுத்துக்கு ஒரு தடவை இருக்கும், எழுத்துக்குள்ளேயே கொம்புக்கு ஒரு தடவை, காலுக்கு ஒரு தடவைகூட. வருஷக் கடைசியில் சொல்லுக்கு ஒரு தடவை. எனக்கு அது மார்க் ஷீட்டைவிட நம்பகமான அளவு.

மற்றதெல்லாம், உயிருள்ளவை, பருவங்கள், சாலையைக் கடப்பது, வந்துபோகும் விஷயங்கள்தான். "மேகம் நகருது, அப்போ அதுக்கு உயிர் இருக்கா?" என்று ஒருத்தர் கேட்டுவிட்டால் மட்டும் அந்த ஒரு மணி நேரம் அருமையாகப் போகும்.

அந்த 205-க்கு நான் செய்தது இதுதான். அட்டையில் 20 என்று பெரிதாக எழுதி, அதில் பூஜ்யம் இருக்கிற அகலத்துக்கு இன்னொரு துண்டு வெட்டி 5 எழுதி, பூஜ்யத்தின் மேல் வைத்தேன். அவன் 5-ஐத் தூக்கிப் பார்த்தான். வைத்தான், மறுபடி தூக்கினான். "ஜீரோ உள்ளே ஒளிஞ்சிருக்கு!" அன்று ராத்திரி வரை 30, 40, 70 என்று எல்லாவற்றுக்கும் அட்டை வெட்டவேண்டியதாயிற்று, எல்லாப் பூஜ்யத்தையும் ஒளித்து வைத்தான். நோட்டில் 25, 36, 78 எல்லாம் சரியாக வந்துவிட்டன, அக்காவுக்கும் நிம்மதி. அடுத்த வாரம் நூற்றைந்து எழுதச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரொம்பத் தெளிவாக 15 என்று எழுதினான். "ரெண்டு ஜீரோவும் உள்ளே இருக்கு மாமா" என்றான்.